ஜீவனாம்சப் பாக்கி: வானம் பார்த்த சீமையில் ஒரு விசாரணை



இலக்கியத்தைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் அறிஞர் பலர் பேசிச் சிறப்பித்த இம்மேடையில், கோர்ட்டுக் கட்டுகளுக்கிடையே புழுதி படிந்து கிடக்கும் ஒரு விஷயத்தைப் பேச நான் அனுமதி கேட்டபோது, இம்மேடையை அமைத்த அறக்கட்டளையினர் தயங்காமல் இசைந்தார்கள். மனைவியையும் மக்களையும் விட்டு அகன்ற தகப்பன், நியாயஸ்தலம் விதித்த ஜீவனாம்சத்தைக் கொடாமல் மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் ஏற்றி வைக்கும் பாக்கியை எவ்விதம் தண்டுவது என்பதே இன்றைய பொருள். உத்தரவு வாங்குவதைப் பற்றி நம்மவர் நிறையப் பேசியாயிற்று. வாங்கிய உத்தரவு குழந்தையின் தட்டில் சோறாக மாறுகிறதா என்பதைத்தான் இனிப் பேச வேண்டும்.

நிலமும் மக்களும்

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்கும், அங்கிருந்து நரிக்குடிக்கும் செல்லும் வழி நெடுகிலும் நீங்கள் காண்பது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கனிந்தால் கண்மாய் பெருகும். கரிசலில் பருத்தியும் உளுந்தும் மல்லியும் மிளகாயும் முகம் காட்டும். அது பொய்த்தால் குண்டாறு மணற்படுகையாகக் கிடக்கும். நகரத்திலே தறியும் நூற்பாலையும் உண்டு. கிழக்கே போகப் போக, ஒருகாலத்தில் வெள்ளாமை விளைந்த புன்செய்களைச் சீமைக்கருவேல் மூடிக்கொள்ள, அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பல ஊர்களில் நிரந்தரத் தொழிலாயிற்று. ஆகவே இச்சீமையின் ஆடவர் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும், கோவையின் கட்டட வேலைக்கும், சென்னையின் ஓட்டல்களுக்கும், கடல் கடந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிப் போவது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காரியம்.

போனவர்களில் பெரும்பாலோர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். அவர்களது உழைப்பினால்தான் இவ்வூர்களில் பிள்ளைகள் கல்லூரி வரை படித்தார்கள் என்பதை மறந்து பேசுவது நன்றிகெட்ட செயலாகும். சிலரோ, முதலில் பணத்தை நிறுத்துகிறார்கள். பின்பு பேச்சை நிறுத்துகிறார்கள். முடிவில் முகவரியையும் மறைத்துவிடுகிறார்கள். அந்தச் சிலரின் பிள்ளைகளைப் பற்றியே இந்த உரை.

ரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டு அவதரித்த ஊர் திருச்சுழி என்பதை யாவரும் அறிவர். அவருடைய தகப்பனார் சுந்தரமய்யர், தொடக்கத்தில் மனு எழுதிக் கொடுத்து, பிறகு அவ்வூர்க் கோர்ட்டில் வழக்காடி, ஏழை எளியவருக்கு வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தவர். 1892-இல் அவர் காலமானபோது, மூத்த பிள்ளைகளைச் சிற்றப்பாவின் வீடு ஏற்றுக்கொண்டது. தகப்பன் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரிந்திருந்தது. தகப்பன் உயிரோடு இருந்துகொண்டே காணாமற் போனால் என்ன செய்வது என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை. தகப்பன் வழியினர், ‘அவன் வரட்டும், பேசிக்கொள்வோம்’ என்று ஒதுங்கிவிட, தாய்வழிப் பாட்டன் வீட்டு அடுப்பில் கூடுதலாக ஓர் உலை ஏறுகிறது.

தேடுகிறவர் யார்?

நளன் கதையை நாம் வேறு விதமாகவும் படிக்கலாம். சூதிலே நாட்டைத் தோற்ற நளன் கானகம் புகுந்தபோது, மக்கள் இருவரும் தாய்வழிப் பாட்டனாகிய வீமராஜன் அரண்மனைக்கு அனுப்பப்பட்டார்கள். நள்ளிரவில் மனைவியைத் துறந்து சென்ற நளன், வாகுகன் என்று பெயரையும் உருவையும் மாற்றிக்கொண்டு அயோத்தி மன்னனுக்குத் தேரோட்டியாய் அமர்ந்தான். அவன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தது எந்த அரசாங்கமும் அன்று. கைவிடப்பட்ட தமயந்தியே ஆள் விட்டுத் தேடி, மறு சுயம்வரம் என்றொரு சூழ்ச்சியையும் செய்து, அவனைக் குண்டினபுரத்துக்கு வரவழைத்தாள். அவளுக்குத் தகப்பன் வீட்டில் தூதர் இருந்தனர், பொருள் இருந்தது. திருச்சுழிக்கு அப்பால் கரிமூட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இவற்றில் எது இருக்கிறது?

ஆனாலும் நம் நடைமுறை அவளைத் தமயந்தியாகவே பாவிக்கிறது. நோட்டீஸ் அனுப்பினால், ‘முகவரியில் இல்லை’ என்ற தபால்காரரின் குறிப்போடு திரும்புகிறது. பிடிவாரண்டு பிறப்பித்தால், ‘ஆள் வெளியூரில், இருப்பிடம் தெரியவில்லை’ என்று காவல் நிலையத்திலிருந்து பதில் வருகிறது. வாய்தாவுக்கு வாய்தா அவள் பஸ் ஏறி வருகிறாள்; அன்றைய கூலி போகிறது.

“அடுத்த வாய்தாவுக்கு அவன் இருக்கிற அட்ரஸைக் கொண்டா தாயி,” என்கிறார் குமாஸ்தா.

“அட்ரஸ் தெரிஞ்சா நான் ஏண்ணே இங்க வந்து நிக்கிறேன்?” என்கிறாள் அவள்.

கோர்ட்டு வராந்தாவில் இவ்வாறான பேச்சைக் கேளாத வழக்கறிஞர் இந்த அவையில் ஒருவரும் இருக்க மாட்டார். குமாஸ்தா கொடியவரல்லர், விலாசம் இல்லாமல் சம்மன் சார்வு ஆகாது என்ற உண்மையைத்தான் சொல்கிறார். குற்றம் இருப்பது முறையில்: கடன்பட்டவனைத் தேடும் பொறுப்பைக் கடன்காரக் குழந்தையின் தலையில் வைத்த முறையில்.

சட்டம் வந்த வழி

ஜீவனாம்சம் பெறும் உரிமை நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கணவன் மனைவி வழக்கு குற்றவியல் சட்டத்தில் ஏன் வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுத்த ஆங்கிலேயருக்குப் பெண்ணின் உரிமையைக் காட்டிலும், ஆதரவற்றோர் தெருவில் அலைந்து அமைதிக்குக் கேடு வராதபடி தடுப்பதே பிரதானமான கவலை. நோக்கம் எதுவாயினும் பயன் நல்லதாயிற்று. மதம் எதுவானாலும், விவாகத்தில் பிறந்ததாயினும் அல்லாததாயினும், பிள்ளைக்குத் தகப்பன் சோறு போடக் கடமைப்பட்டவன் என்ற நெறி சட்டமாயிற்று.

1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு மாதத்துக்கு 50 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. 1923-இல் அது 100 ஆயிற்று. 1955-இல் 500 ஆயிற்று. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆம் பிரிவும் அந்த 500 ரூபாயையே ஏற்றுக்கொண்டது. 1955-இல் பெருந்தொகையாயிருந்த அந்த 500 ரூபாய், விலைவாசி ஏற ஏறத் தேய்ந்து, ஒரு குழந்தையின் பள்ளிச் செலவுக்கும் காணாத சில்லறையாகிவிட்ட பிறகே, 2001-இல், மைய அரசு அவ்வரம்பை நீக்கியது. இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையில் 144 முதல் 147 வரையுள்ள பிரிவுகள் இதே விஷயத்தைப் பேசுகின்றன.

இவற்றோடு 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் தரும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டமும் இருக்கிறது. ஆகையால் சட்டம் போதாது என்ற முறையீட்டை நான் இங்கே கொண்டுவரவில்லை.

பாக்கி ஏறும் விதம்

ஓர் உதாரணம் கொள்வோம். தாய்க்கு 3,000, பிள்ளைக்கு 2,000, ஆக மாதம் 5,000 ரூபாய் என்று உத்தரவாகிறது. முதல் இரண்டு மாதம் பணம் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. இன்று கொடுப்பான், நாளை கொடுப்பான் என்று அவள் காத்திருக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள், ‘கோர்ட்டுக்குப் போனால் ஒட்டுறவு அற்றுப்போகும்’ என்று தடுக்கிறார்கள். இப்படியே ஒன்றரை வருஷம் கழிகிறது. பாக்கி 90,000 ரூபாய். அப்போது அவள் வசூல் மனுப் போட்டால், கடைசிப் பன்னிரண்டு மாதத்துக்குரிய 60,000 ரூபாய்க்குத்தான் வாரண்டு கேட்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்கிறார். தொகை கொடுபடவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தாலொழிய வாரண்டு பிறப்பிக்கலாகாது என்பது சட்டத்தில் உள்ள நிபந்தனை. பொறுமையாயிருந்ததற்கு அவள் செலுத்தும் அபராதம் 30,000 ரூபாய்.

இந்த நிபந்தனையின் கடுமையைத் தணித்த தீர்ப்பு ஒன்று, நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலேயே கிடைத்தது. ஒரு தாயும் பிள்ளையும் கோரிய பல வருஷப் பாக்கியை, மனுவுக்கு முந்திய ஓராண்டு அளவாக உயர் நீதிமன்றம் குறுக்கிவிட, 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஓராண்டு வரம்பு வாரண்டு, சிறை என்னும் துரித வழிக்கு மாத்திரமே உரியது. பணத்துக்கான உரிமை அதனால் அழிவதில்லை. பழைய பாக்கிக்குச் சிவில் வழி திறந்தே இருக்கிறது என்று நீதிபதிகள் விளக்கினர். ஆனால் சிவில் வழி எத்தனை நீண்டதென்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. எனவே தாய்மாருக்குச் சொல்லத்தக்க புத்தி ஒன்றுதான்: பதினோராம் மாதம் முடியுமுன் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும், அடுத்த பதினோராம் மாதத்துக்குள் அடுத்த மனு இருக்க வேண்டும்.

இரண்டாவது, சிறையைப் பற்றிய மயக்கம். வாரண்டின் மூலம் வசூலாகாத தொகைக்காக ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் பணம் கட்டும் வரை, சிறையிலிட நீதிபதிக்கு அதிகாரமுண்டு. ‘ஒரு மாசம் உள்ளே இருந்துட்டு வந்தா கணக்குத் தீர்ந்துபோச்சு’ என்று டீக்கடையில் தைரியம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது முற்றிலும் தவறு. சிறை என்பது கொடுக்கச் செய்வதற்கான நெருக்கடியேயன்றிக் கொடுத்ததற்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் பல்லாண்டுகளுக்கு முன்பே அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. உள்ளே போய் வந்தவனும் பாக்கிதாரனே.

மூன்றாவது, பஞ்சாயத்து. ‘அத்துவிட்டாச்சு; ஒருவருக்கொருவர் தொடுப்பில்லை’ என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பெரியவர்கள் எந்த எண்ணத்தோடு எழுதினாலும், மைனர் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் அதிகாரமில்லை, ஊருக்கும் அதிகாரமில்லை. கையெழுத்துப் போடாத குழந்தையை அந்தத் தாள் கட்டுப்படுத்தாது.

தண்டலும் கண்டிப்பும்

இனி, இவ்வுரையின் மையமான கருத்துக்கு வருகிறேன். ஜீவனாம்சப் பாக்கியை அபராதம் வசூலிக்கும் முறையிலேயே வசூலிக்க வேண்டும் என்கிறது சட்டம். அபராதம் வசூலிக்கும் முறைகள் இரண்டு: ஒன்று, அசையும் பொருளை ஜப்தி செய்து விற்பது, மற்றொன்று, மாவட்ட ஆட்சித் தலைவருக்கு வாரண்டு அனுப்பி, நிலவரிப் பாக்கியைப் போலவே பாக்கிதாரனின் நிலபுலத்திலிருந்தும் தண்டச் செய்வது. முதல் வழி ஓரளவு நடக்கிறது. இரண்டாவது வழி ஏட்டிலே பத்திரமாக உறங்குகிறது.

இந்த மண்ணில் நிலவரி எப்படித் தண்டப்பட்டது என்பதைச் சரித்திரம் மறக்கவில்லை. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்தது பற்றி விசாரித்த கமிஷன் 1855-இல் அறிக்கை தந்தது. விரல்களை மரச்சட்டத்தில் இட்டு நெரிக்கும் கிட்டியும், மனிதனை வளைத்துக் கட்டிவைக்கும் அண்ணாந்தாளும் அதில் பதிவாகியிருக்கின்றன. 1864-இல் வருவாய் வசூல் சட்டம் வந்தது. ஜப்தி, ஏலம் என்று ஒழுங்கான முறைகள் வகுக்கப்பட்டன. மழை பொய்த்த வருஷத்தில் வஜா என்னும் வரித் தள்ளுபடி கேட்டுக் குடியானவன் கச்சேரிக் கச்சேரியாக அலைந்தான். அந்தச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அரசுக்கு வர வேண்டிய பலவகைப் பாக்கிகளை அதன்படியே தண்டுகிறார்கள். கிட்டியும் அண்ணாந்தாளும் ஒழிந்தது நம் பாக்கியம். அவற்றை எவரும் திரும்பக் கேட்கவில்லை. சர்க்காரின் பாக்கியை எழுதிவைத்துத் தொடர்ந்து கேட்கும் அந்தக் கணக்கு ஒழுங்கை மட்டும் ஒரு குழந்தையின் பாக்கிக்கும் காட்டுங்கள் என்றே கேட்கிறேன்.

இது இச்சீமையில் சாத்தியமா? ஒரு காட்சியை அருகில் சென்று பார்ப்போம். தகப்பன் எங்கோ ஒரு நகரத்தில் பெயர் தெரியாமல் வாழ்கிறான். ஆனால் அவன் பெயர் கிராமத்தின் பட்டாவில் இருக்கிறது. இரண்டு ஏக்கர் புன்செய், பாட்டன் காலத்துச் சொத்து, அண்ணன் தம்பி மூவர் பெயரில் கூட்டுப் பட்டா. உழுது வருஷக்கணக்காயிற்று என்பதால் அதற்கு மதிப்பில்லை என்று கோர்ட்டில் சொல்கிறார்கள். ஆனால் அதில் சீமைக்கருவேல் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை கரி வியாபாரி வந்து விலை பேசி, வெட்டி, மூட்டம் போட்டு, மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றுகிறார். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? தம்பியின் கைக்கு, அங்கிருந்து ஒரு பங்கு செல்பேசி வழியே ஊரை விட்டுப்போன அண்ணனுக்கு. ஊருக்கே தெரிந்த இந்த வரவு, கோர்ட்டுக்கு மட்டும் தெரியாது. கிராம நிர்வாக அலுவலர் ஒரு சிட்டா நகலும் ஓர் அடங்கல் குறிப்பும் கொடுத்தால் பாக்கிதாரனின் பங்கு வெளிச்சத்துக்கு வந்துவிடும். கூட்டுப் பட்டாவில் பங்கு பிரிப்பது சிக்கலான காரியந்தான்; ஆனால் வருவாய்த்துறைக்கு அது பழகாத சிக்கலன்று.

மாதச் சம்பளக்காரனாயின் வழி இன்னும் எளிது. ஜீவனாம்ச டிக்கிரிக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டு மிச்சத்தைப் பிடிக்கச் சிவில் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, முதலாளியே நேராகப் பெண்ணிடம் செலுத்துமாறு நீதிபதி கட்டளையிடலாம். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வாயிலையும் திறந்தது: இரு தரப்பாரும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்; மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும்; பாக்கியைச் சிவில் நீதிமன்றத்தின் பண டிக்கிரியைப் போல நிறைவேற்றலாம். வேலை இல்லை என்று கைவிரிப்பவனுக்கும், உடம்பில் தெம்பிருந்தால் கூலி வேலை செய்தாவது காப்பாற்றும் கடமை உண்டு என்பதை 2022-இல் மீண்டும் வற்புறுத்தியது.

பிற தேசத்தார் செய்தது

அமெரிக்காவில் 1975 முதல், பிள்ளைகளுக்குரிய பாக்கியை வசூலிப்பது அரசாங்கத்தின் வேலை. முதலாளி சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிறார். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டு மறுக்கப்படும். ஆஸ்திரேலியாவில் 1988-இல் இந்தப் பணியை வருமான வரி அலுவலகத்திடமே ஒப்படைத்தார்கள். ஜெர்மனியில் 1980 முதல் அரசாங்கமே முதலில் பிள்ளைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்பு தகப்பனிடம் தண்டிக்கொள்கிறது. நம்மவர் ஏராளமாய்ப் பிழைக்கப் போகும் சிங்கப்பூரில், 2025 ஜனவரி முதல், பாக்கிதாரரின் பொருள் நிலையை விசாரித்து நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கவென்றே தனி அதிகாரிகள் இருக்கிறார்கள்.

இந்நாடுகளில் பாக்கி முற்றாக ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே தேடுகிறவர் தாயல்லர் என்பதே கவனிக்கத்தக்கது. நம் மாநிலமும் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. அது கருணையுள்ள திட்டம். தகப்பன் கொடுக்க வேண்டியதன் ஒரு சிறு பகுதியை இப்படிப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் விடுவதுதான் விசித்திரம்.

வேண்டுகோள்

மூன்று விண்ணப்பங்களோடு முடிக்கிறேன்.

வழக்கறிஞர் நண்பர்களுக்கு: வசூல் மனுவில் வாரண்டு மட்டும் கேட்டு நின்றுவிடாமல், ஆட்சித் தலைவர் வழியான வசூலையும் சேர்த்துக் கேளுங்கள், கட்சிக்காரியிடம் கணவனின் விலாசத்தைக் கேட்பதோடு, அவன் குடும்பத்துப் பட்டா எண்ணையும் கேளுங்கள், பதினோராம் மாதத்தை உங்கள் டைரியில் குறித்துவையுங்கள்.

அதிகாரிகளுக்கு: ஆண்டுதோறும் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடத்தி, கிராமக் கணக்கை வரி வரியாகத் தணிக்கை செய்கிறீர்கள். அதே நாளில், அந்தத் தாலுகாவில் நிலுவையிலுள்ள ஜீவனாம்ச வாரண்டுகளின் பட்டியலையும் எடுத்து, எது வசூலாயிற்று, எது ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேளுங்கள். இதற்குப் புதுச் சட்டமோ புது உத்தியோகமோ வேண்டியதில்லை. ஒரு பதிவேடு போதும்.

ஊர்ப் பெரியவர்களுக்கு: குலதெய்வக் கொடைக்கும் கண்மாய் மராமத்துக்கும் தலைக்கட்டு வரி போட்டால், வெளியூரிலிருக்கும் பங்காளியின் இருப்பிடத்தை எப்படியோ கண்டுபிடித்துப் பங்கை வாங்கிவிடுகிறீர்கள். போலீஸுக்குக் கிடைக்காத அந்த விலாசம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அதை அந்தத் தாயிடம் கொடுங்கள். அதைவிடப் பெரிய பஞ்சாயத்து நீங்கள் செய்யப்போவதில்லை.

மழை பெய்யாத வருஷத்தில் நிலவரிக்கு வஜா கொடுக்கலாம். பிள்ளையின் பசிக்கு வஜா கிடையாது. தகப்பன் கொடுக்கத் தவறிய ஒவ்வொரு மாதத் தொகையும் அந்தப் பிள்ளையின் சொத்து. அதைத் தண்டிக் கொடுப்பது அரசின் கடமை, ஊரின் கடமை, நம் தொழிலின் கடமை.